ஹவுஸ்ஃபுல் போர்டு

தென்காசித் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் இசக்கியப்பன். படத்தை வாங்கி வெளியிட்ட விநியோகஸ்தர் தணிகாசலம் காலையிலேயே வந்து மிரட்டினார்.

"படத்தை டிவிக்கு விக்கணும். அவங்க ஆள் மதியம் வாரான். ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்கலைன்னா உனக்கு வேலை கிடையாது."

மதியக் காட்சிக்கு வந்தது ஒன்பது பேர். இசக்கியப்பன் போர்டை மாட்டினார்.

டிவிக்காரர் போர்டைப் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். இசக்கியப்பன் கதவை மறித்தார்.

"சீட் இல்ல சார்."

கூட வந்த தணிகாசலம் டிவிக்காரர் முன்னால் கெத்துக் காட்டினார். "என் படத்துக்கு எனக்கே சீட் இல்லையாடா?"

"இருக்கு அண்ணாச்சி. போர்டைக் கழட்டிட்டு விடவா, போர்டு தொங்கும்போதே விடவா?"



"கழட்டிருங்கண்ணே" என்றார் டிவிக்காரர். "நான் காலை நீட்டிப் படம் பார்க்கிற ஆளு."