எட்டாவது நகக்கீறல்

காட்டாற்றின் துறையில் விலங்குகளைக் கரை சேர்க்கும் வழிகாட்டியாக இருந்தது கயலன் என்னும் நீர்நாய். வழிகாட்டிகளுக்கு உரிமம் உண்டு. ஆண்டுதோறும் சிங்க மன்னர் கரையோர மருதமரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நகக்கீறல் இடுவார். கயலனுக்கு ஏழு கீறல்கள்! காலையில் அவற்றைத் தடவிப் பார்த்த பின்னரே அது மீன் தின்னும்.

மழைக்காலம் முடிந்ததும் வழிகாட்டிகள் புதிதாக ஏதேனும் கற்றால்தான் அடுத்த கீறல் கிடைக்கும். எதைக் கற்பது? அதை முடிவுசெய்யும் பொறுப்பை மன்னர் வழிகாட்டிகளின் சங்கத்திடமே விட்டிருந்தார். சங்கத்தின் தலைவரும் கயலன்தான்!

"வெயிலில் அலைவானேன்? ஈசல் பிடிக்கும் கலையைப் பற்றித் தவளையார் ஒரு நாள் பேசட்டும். நிழலில் அமர்ந்து கேட்டால் கற்றதாகிவிடும்!" என்றது கயலன்.

"தூங்கிவிட்டால்?" என்றது இன்னொரு வழிகாட்டியான நீர்க்கோழி.

"குறட்டை விடாமல் தூங்கினால் போதும்!"

எட்டாவது கீறலும் விழுந்தது.

மறுநாளே மான்கூட்டம் வந்தது. இக்கரையில் புல் தீர்ந்துவிட்டது. அக்கரைக்குப் போனால்தான் பிழைக்கலாம்.

"கயலா, வெள்ளம் வடிந்தபின் நடு ஆற்றில் இறங்கிப் பார்த்தாயா?" என்று கேட்டது தலைவி பொற்புள்ளி.

கரையோரத்திலேயே மீன் கிடைத்ததால் கயலன் நடு ஆற்றுக்குப் போகவேயில்லை.

"என்னையா சோதிக்கிறீர்கள், அம்மா? மரத்தைப் பாருங்கள்! எட்டுக் கீறல்!"

மான்கள் இறங்கின. சென்ற ஆண்டு மணல்திட்டு இருந்த இடத்தில் இப்போது பெரும்பள்ளம்! பொற்புள்ளியின் குட்டி சுழலில் சிக்கியது.

"ஐயோ, என் கண்ணே!"

கயலன் மூழ்கித் தேடியது. காணவில்லை! மீண்டும் மூழ்கியது. பல்லில் ஒரு காது தட்டுப்பட்டது! கவ்வி இழுத்துக் கரை சேர்த்தது. மான்கள் யாவும் இக்கரைக்கே திரும்பின.

மன்னர் விரைந்து வந்தார். கூடவே அவருடைய அமைச்சரான நரியும் வந்தது.

"மன்னா! எதைக் கற்பது என்பதை இனித் தாங்களே வகுத்தருளுங்கள்!" என்றது நரி.

"மன்னர் ஆற்றில் இறங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின?" என்று பட்டெனக் கேட்டது பொற்புள்ளி.

மன்னர் தம் பாதங்களைப் பார்த்துக்கொண்டார்.

"ஆற்றை அறிந்தவர்கள் வழிகாட்டிகள். அவர்களை நம்பி இறங்குபவர்கள் நாங்கள். இரு தரப்பும் சேர்ந்து வகுப்போம். கற்றதைச் சோதித்துப் பார்த்து மன்னர் கீறல் இடட்டும்!" என்றது பொற்புள்ளி.

"ஆகாது! தூங்க முடியாதே!" என்று அலறியது நீர்க்கோழி.

கயலன் மருதமரத்தில் ஏறி, தன் எட்டாவது கீறலைத் தானே கடித்து அழித்தது.

"அம்மா, முதல் பாடத்தை நீங்களே சொல்லுங்கள்."

"துறையின் ஆழத்தை அளந்து வா!"

கயலன் பாய்ந்தது! அன்று முழுவதும் மூழ்கி மூழ்கி அளந்து, ஆழமில்லாத இடமெங்கும் நாணல் நட்டது. மாலையில் அந்தப் புதுவழியில் முதலில் துள்ளி இறங்கியது, காலையில் தப்பிப் பிழைத்த அதே குட்டிதான்!

உரிமம் பெற்றவர் மேலும் எதைக் கற்க வேண்டும் என்பதை அவருடைய வசதி அன்று, அவரிடம் உயிரை ஒப்படைப்பவரின் தேவையே தீர்மானிக்க வேண்டும்.