பதினொன்றே முக்கால்

சிந்துஜாவுக்கு இருபத்திரண்டு வயது. அவளுடைய பயத்துக்கு ஆறு வயது.

பதினாறு வயதில் அகில இந்திய ஜூனியர் நூறு மீட்டரில் தங்கம் வாங்கினாள். அன்றைக்குப் பயம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. ஊரில் டிஜிட்டல் பேனர் வைத்தார்கள். அதில் அவள் முகத்தைவிட பேனர் வைத்தவர்களின் முகங்கள்தான் பெரிதாக இருந்தன. அடுத்து ஆசியாதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

சீனியர் பிரிவுக்குப் போனதும் தொடங்கியது. பயிற்சியில் பதினொன்று புள்ளி அறுபது நொடியில் ஓடுகிறவள், போட்டி என்று வந்தால் பதினொன்று தொண்ணூறில் வந்து நின்றாள். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, ஆறு வருடமாக. கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்ச், போட்டியின் மின்னணுக் கடிகாரத்தைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்பது அவளுக்கும் தெரியும். பயிற்சியாளர் லூர்து மேடம் அதற்கான கால் நொடியைக் கூட்டித்தான் நேரம் சொல்வார். அப்படியும் புள்ளி மூன்று நொடி இடித்தது. அதைத் தின்பது தன் பயம்தான் என்று சிந்துஜா முடிவு கட்டிவிட்டாள்.

அப்படி முடிவு கட்டிய பிறகு பயம் நிஜமாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. போட்டிக்கு முந்தைய நாள் சோறு இறங்காது. மனநல ஆலோசகர் மூச்சை எண்ணச் சொன்னார். அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினாள். சிந்துஜா கையில் கயிற்றோடு மூச்சை எண்ணிக்கொண்டே பயந்தாள்.

வரும் வியாழக்கிழமை தேர்வு ஓட்டம். பதினொன்றே முக்கால் நொடிக்குள் வராவிட்டால் தேசிய முகாமிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை மேடத்தின் முன்னால் வந்து நின்றாள். லூர்து மேடம் ஒரு காலத்தில் தடை ஓட்டக்காரி. பேச்சு கம்மி, விசில் அதிகம்.

"மேடம், இந்தப் பயத்த எப்படி விடறது?"

மேடம் ஸ்டாப்வாட்ச்சை அவள் கையில் வைத்தார்.

"இன்னைக்கு நீ ஓட வேணாம். மைதிலிக்கு டைம் பிடி."

"நான் கேட்டது..."

"பிடி."

மைதிலி அதே முகாமில் இருப்பவள். முழங்காலில் ஆபரேஷன் முடிந்து, பத்து மாதம் கழித்து அன்றுதான் முதல்முறையாக முழு நூறு மீட்டரும் ஓடப் போகிறாள். பதின்மூன்று நொடிக்குள் வராவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று காலையில்தான் சிந்துஜாவிடம் சொல்லியிருந்தாள்.

முடிவுக் கோட்டருகே சிந்துஜாவும் மேடமும் நின்றார்கள். அந்தக் கோடியில் உதவிப் பயிற்சியாளர் கொடியை இறக்கினார்.

மைதிலி உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். எண்பது மீட்டரில் கால் தடுமாறியது. அவள் முகம் கோணியதைப் பார்க்கச் சிந்துஜாவால் முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கோட்டைத் தாண்டிய மைதிலி குனிந்து மூச்சு வாங்கினாள். நிமிராமலே கேட்டாள்.

"எவ்வளவு?"

"பன்னெண்டு தொண்ணூத்தெட்டு."

மைதிலி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள்.

மேடம் தன் உள்ளங்கையை விரித்தார். அதில் இன்னொரு ஸ்டாப்வாட்ச் இருந்தது. பதின்மூன்று இருபத்தாறு.

"நீ எங்க அமுக்கின?"

சிந்துஜா தலை குனிந்தாள்.

"ஒரு எட்டு முன்னாடி. வேணும்னு அமுக்கல மேடம். விரல் தானா அமுங்கிடுச்சு. அவ மூஞ்சியப் பாத்தேன். பயமா இருந்துச்சு."

"எனக்கும்" என்றார் மேடம்.

சிந்துஜாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள்.

"எப்போலேர்ந்து மேடம்?"

"நீ தங்கத்தோட வந்தியே, அதுக்கு அடுத்த சீசன்லேர்ந்து. உன் டைம் குறையவே இல்ல. ஓடி முடிச்சிட்டு என்னைத் திரும்பிப் பாப்ப. அந்த மூஞ்சிகிட்ட மறுபடியும் அதே நம்பரைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

"அப்போ போட்டியில பயந்து பயந்து டைம் போச்சே, அது?"

"எங்க போச்சு? அங்கயும் பதினொண்ணு தொண்ணூறு. இங்கயும் பதினொண்ணு தொண்ணூறு. உன் காலு எங்கயுமே பயப்படல. பயந்தது என் கட்டைவிரல்."

கோபப்பட வேண்டும் என்று சிந்துஜாவுக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை. இதுவரை தெரியாத ஒரு பயம்தான் வந்தது. பயத்தை விட்டுவிட்டால் அந்தப் பக்கம் பதினொன்று அறுபது காத்திருக்கிறது என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள். இப்போது விடுவதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் யாருமில்லை.

"வியாழக்கிழமை?" என்று கேட்டாள்.

சிந்துஜா ஸ்டாப்வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு ஒரு தடவ பிடிங்க மேடம்."

"இப்பவா?"

"இப்ப. கோட்டப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க."

உடம்பைச் சூடாக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனாள். ஓட்டம் தொடங்கும் பிளாக்கில் காலை வைத்துக் குனிந்தாள். இந்தப் பக்கம் மேடம் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொடி இறங்கியது.

கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் சிந்துஜா நின்றாள். திரும்பி நடந்து வர நேரம் எடுத்துக்கொண்டாள். கேட்க வேண்டாம் என்றிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"எவ்வளவு மேடம்?"

மேடம் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பதினொண்ணு தொண்ணூத்திமூணு."