ஈயம் தேடிய கேப்டன்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சிஷ்யனுக்கு ஐம்பத்தொன்று. சிரிக்காதீர்கள், நடந்தது அப்படித்தான்.

ஜெசிந்தா மச்சாது நீர்மூழ்கிகளுக்கு பேட்டரி பொருத்தும் இன்ஜினீயர். கார்மேகம் இருபத்தைந்து வருஷம் நீர்மூழ்கியிலேயே காலம் தள்ளிய கேப்டன். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடலடியில் வழி சொல்லுவார். ஆனால் புது பேட்டரி வருகிறது என்றதும் நோட்டும் பேனாவுமாக அந்தப் பெண் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

உட்கார்ந்ததும் கேட்டார்.

“மேடம், எது நல்லது? பழைய ஈய பேட்டரியா, லித்தியமா, இல்ல காத்தே வேண்டாம்னு ஓடுற எரிபொருள் கலமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“முதல்ல ஓட்டிப் பாருங்க சார்.”

அவருடைய நீர்மூழ்கிப் படகில் ஈயத்தைக் கழற்றிவிட்டு லித்தியம் வைத்தார்கள். மேலிடத்தில் யாருக்கும் இதில் இஷ்டமில்லை. கார்மேகம்தான் மல்லுக்கட்டி வாங்கினார். சரி, பார்த்துவிடலாம் என்று இரண்டு போட்டி வைத்தார்கள். ஒரு போர்க்கப்பலும் ஹெலிகாப்டரும் தேடும். அவற்றுக்குச் சிக்காமல் கப்பலின் கிட்டே போய், தாக்கியதற்கு அடையாளமாகப் பச்சைப் புகை விட வேண்டும். இரண்டிலும் தோற்றால் லித்தியமும் போச்சு, கார்மேகத்தின் கேப்டன் வேலையும் போச்சு.

முதல் போட்டியில் மாட்டிக்கொண்டார்.

பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது டீசல் என்ஜின், அது ஓடக் காற்று வேண்டும். அதனால் சார்ஜ் ஏற்ற வேண்டுமென்றால் நீர்மூழ்கி மேலே வந்து மூச்சுக்குழாயை நீட்டியாக வேண்டும். நீட்டி வைத்திருக்கும் நேரமெல்லாம் ஆபத்து. கார்மேகம் நீட்டினார், ஹெலிகாப்டர் பார்த்துவிட்டது. அவ்வளவுதான்.

திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. கரையில் காத்திருந்த ஜெசிந்தா படகுக்குள் இறங்கி வந்தாள்.

“மேல வரும்போது பேட்டரி எவ்வளவு சார்?”

“முப்பத்தஞ்சு சதவீதம்.”

“கப்பல்கிட்ட போக எவ்வளவு வேணும்?”

“ஐம்பது தாராளம்.”

“ஐம்பது ஏற எவ்வளவு நேரம் ஆச்சு?”

“அரை மணி.”

“எப்ப மாட்டினீங்க?”

கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டார். “ரெண்டு மணி நேரம் கழிச்சு. தொண்ணூத்தஞ்சுல.”

“அரை மணியிலேயே இறங்கியிருக்கலாமே?”

“முழுசா நிரப்பாம எப்படி மேடம் இறங்குறது? அரையும் குறையுமா விட்டா ஈயத் தகடு கெட்டுப்போயிடும். சேர்ந்த முதல் நாள்ல இருந்து இதைத்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க.”

ஜெசிந்தா தரையில் இருந்த மூடியைத் திறந்தாள். கீழே பேட்டரி அறை. அவர் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்தாள்.

“ஈயம் எங்க இருக்குன்னு பார்த்துட்டு வாங்க சார்.”

சட்டையில் அத்தனை பதக்கத்தோடு கேப்டன் மண்டியிட்டுத் தவழ்ந்தார். இந்தக் கோடி வரை போனார், அந்தக் கோடி வரை போனார். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு மேலே வந்தார்.

“இல்ல மேடம்.”

“நல்லாத் தேடினீங்களா?”

“ஒரு இடம் விடல.”

“ஒரு இடம் பாக்கி இருக்கு சார்.”

கார்மேகம் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் இரண்டாவது போட்டி. ஜெசிந்தாவும் படகில் ஏறினாள். பட்டப்பகல், தெளிந்த கடல். முப்பத்தைந்தில் மேலே வந்தார்கள், குழாய் நீண்டது, டீசல் உறுமியது. அரை மணி ஆனது.

“ஐம்பது சார்!” என்றார் மின்பிரிவு அதிகாரி சேவியர். “நிரப்பிடலாமா?”

இருபத்தைந்து வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கார்மேகத்துக்கு ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஜெசிந்தா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும், இறக்கு!”

இறங்கிய பத்தாவது நிமிஷம் ஹெலிகாப்டர் அங்கே வந்து வெறும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. படகு கப்பலை நோக்கி நழுவியது. கடைசி மூன்று மைலுக்கு முழு வேகம் கேட்டார் கார்மேகம். அப்படி உறிஞ்சினால் ஈயம் பாதியிலேயே தொங்கிப்போயிருக்கும். லித்தியம் அசரவில்லை, கேட்டதையெல்லாம் கொடுத்தது.

கப்பலுக்கு நூறு மீட்டரில் குபுகுபுவென்று பச்சைப் புகை!

வானொலியில் கப்பல் கேப்டனின் குரல் அலறியது. “அடப்பாவிகளா, எங்கய்யா இருந்தீங்க இவ்வளவு நேரம்?”

உள்ளே முப்பத்தெட்டுப் பேரும் போட்ட கூச்சலில் படகே அதிர்ந்தது. சேவியர் தட்டை எடுத்துத் தாளம் போட்டார். கார்மேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. ஜெயித்த மனுஷன் எதற்கு மறைக்க வேண்டும்?

நோட்டைத் திறந்து குருவின் முன்னால் உட்கார்ந்தார்.

“நான் கேட்டதுக்குப் பதில் கிடைச்சிடுச்சு மேடம். மேலிடத்துக்கு ஒரே வரிதான் எழுதப்போறேன், ஜெயிச்சது லித்தியம்னு.”

“தாராளமா எழுதுங்க சார். போன வாரம் தோத்தது எந்த பேட்டரின்னும் பக்கத்துலயே எழுதிடுங்க.”