காத்துல போன அறுவது வீடு

மலையடிவாரத்துல காட்டைத் திருத்திக் குடியேறின ஒரு சின்ன இடம். அதை அளக்க நான் போனது ஒரு ஆடி மாசம். அப்போ நான் சர்வேயர். சங்கிலி பிடிக்க மாரசாமி கூட வந்திருந்தார். மேலிடத்து உத்தரவு ரொம்பச் சுலபம். பத்து வீடு இருந்தா வரைபடத்துல தனி ஊருன்னு குறிக்கணும், தண்ணித் தொட்டி கட்டிக் குடுப்பாங்க. கொறைஞ்சா, மூணு மைல் தள்ளி இருக்கற பெரிய ஊரோட சேத்துரணும்.

போய் எண்ணினேன். மூணு வீடு. திரும்பி நின்னு எண்ணினேன். அப்பவும் மூணுதான்.

மொத வீட்டு வாசல்ல பாவாயின்னு ஒரு அம்மா சோளம் பொடைச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் காளியண்ணன் வேப்பமரத்தடியில கயிறு திரிச்சுக்கிட்டு இருந்தார். விசயத்தைச் சொன்னதும் அந்தம்மா மொறத்தைக் கீழ வெச்சாங்க.

"மூணுன்னு எழுதிப்போட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"எழுதாதீங்க. மீதி அறுவது வீடு காத்துல போயிருக்குது."

மாரசாமி சிரிச்சுட்டார். பாவாயி கோவிச்சுக்கல. "ஆடிக்காத்துல அம்மி பறக்கும்னு உங்க பக்கம் ஆச்சரியமாச் சொல்வாங்களாம். இங்க அம்மி பறந்தா ஆரும் தலைதூக்கிக்கூடப் பாக்கறதில்லீங்க. அரைச்ச சட்னி சிந்தாமப் போகுதான்னு மட்டுந்தான் பாப்போம்."

"போன வீடெல்லாம் எப்பத் திரும்பும்?"

"ஐப்பசியில வந்துரும். போன வருசம் அம்பத்தொம்பது போச்சு, அறுவது வந்துது. கூட வந்தது ஆரூட்டுதுன்னே தெரியல. உள்ள ஒலை கொதிச்சுட்டு இருந்துது. வீணாக்கக் கூடாதுன்னு நாங்களே அரிசி போட்டு எறக்கினோம்."

"இந்த மூணு வீடு மட்டும் ஏன் போகல?"

"ஆராச்சும் ஊரைப் பாத்துக்கோணுமில்லீங்களா. மொறை வெச்சு இருக்கறோம். இந்த வருசம் எங்க மொறை."

நான் பேனாவை மூடினேன். அதைப் பாத்ததும் அந்தம்மாவுக்குப் பயம் வந்திருக்கணும். பேச்சு வேகமாச்சு.

"இது நேத்து மொளைச்ச ஊருன்னு நெனைக்காதீங்க. எங்கூட்டுக்காரரோட அப்பாரு ஒரு எருமையோட இங்க வந்தப்ப, காலு வெக்க எடமில்லாமக் கல்லு. ஒவ்வொண்ணாப் பொறுக்கி மேக்க எறிஞ்சாரு. அதுதான் அந்த மலை."

மாரசாமி நிமிந்து பாத்தார். "மலை உச்சியில ஆயிரம் வருசத்துக் கோயில் இருக்குதே. உங்க மாமனார் எறிஞ்ச கல்லு மேல அது எப்படி வந்துது?"

"கோயில் மொதல்லயே தரையில இருந்துதுங்க. இவரு கல்லை அதுக்கு அடியில தள்ளித் தள்ளி ஒசத்தினாரு. பூசாரி அப்ப உள்ளதான் இருந்தாரு. பூசை முடிச்சு வெளிய வந்தா, எறங்கப் படி இல்ல."

மாரசாமி அதுக்கப்புறம் சங்கிலியைச் சுருட்ட ஆரம்பிச்சார்.

"கெணறு கேளுங்க," பாவாயி விடல. "எங்க மாமனாரு மூணு வருசம் வெட்டினாரு. தூக்குல சோறு எறக்கினா, போய்ச் சேர்றதுக்குள்ள ஊசிப்போயிரும். அப்பறம் எங்க மாமியா வெறும் இட்லி மாவை எறக்க ஆரம்பிச்சாங்க. பூமிச் சூட்டுல வெந்து, அவரு கைக்குப் போறப்ப இட்லியா இருக்கும். சட்னிதான் தோது பண்ண முடியல."

"அவ்வளவு ஆழமான கெணறு இருக்கறப்ப தண்ணித் தொட்டி எதுக்குங்க?"

நல்லா மடக்கிட்டோம்னு நெனைச்சேன். அந்தம்மா கண்ணைச் சிமிட்டல.

"தண்ணி வேணுங்கற அளவு இருக்குதுங்க. எறைச்சா, மேல வர்றதுக்குள்ள கயிறே குடிச்சுப்போடுது. அதான் பாருங்க, அவரு நாள் முச்சூடும் புதுக்கயிறு திரிச்சுட்டே இருக்கறாரு."

காளியண்ணன் தலையை ஆட்டவும் இல்ல, மறுக்கவும் இல்ல.

பாவாயி மொறத்தை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. இப்போ குரல் எறங்கிருந்துச்சு. "சார், எங்களை அந்த ஊரோட சேத்துட்டீங்கன்னா தொட்டி அங்கதான் கட்டுவாங்க. மூணு மைல் குடம் சொமக்கறது நான். கெணத்துல தண்ணி இல்லீங்க. நாலு வருசமா இல்ல."

அன்னைக்கு அவங்க சொன்னதுல எனக்கு நம்ப முடிஞ்சது அது ஒண்ணுதான். தோள்ல குடம் உராஞ்ச தழும்பு தெரிஞ்சுது.

நான் பேனாவைத் திறந்தேன். அறுவத்து மூணு வீடுன்னு எழுதினேன். பக்கத்துலயே சின்ன எழுத்துல, 'அறுவது தற்சமயம் வெளியூர்'னும் எழுதினேன். மாரசாமி எட்டிப் பாத்துட்டு, வேற பக்கம் பாக்கற மாதிரி நின்னுக்கிட்டார்.

"சரிங்கம்மா. ஊர் பேரைச் சொல்லுங்க. முடிச்சுரலாம்."

அவ்வளவு நேரம் மூச்சு விடாமப் பேசின பாவாயி புருசனைப் பாத்தாங்க. காளியண்ணன் அப்பத்தான் மொத தடவையாப் பேசினார்.

"பேரெல்லாம் வெக்கலீங்க. மூணு வீட்டுக்கு எதுக்கு? ஊருக்குள்ள இருக்கறப்ப 'இங்க'ம்போம். வெளிய போனா 'அங்க'ம்போம்."

நான் ஆபீசுக்கு வந்துதான் படத்தை முடிச்சேன். அதனால 'அங்கே'ன்னே போட்டுட்டேன். தொட்டி வந்துருச்சு. அடுத்த மாசம் மேலதிகாரி படத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டார். "எங்கேய்யா இந்தத் தொட்டியைக் கட்டினீங்க?"

"அங்கே சார்"ன்னேன்.