உச்சிவெயிலில் ஒரு குடம் தண்ணீர்

கத்திரி வெயிலில் மருதங்காட்டு ஜமீன்தார் மாடியிலிருந்து தோட்டத்தைப் பார்த்தார். பூசணி இலைகளெல்லாம் துவண்டு தொங்கின. தோட்டக்காரி செங்கமலத்தைக் கூப்பிட்டுக் கத்தினார்.

“செடி சாகுது, நீ வேடிக்கை பார்க்கிறியா?”

“சாகலைங்க எஜமான். விரலை விட்டுப் பார்த்தேன், மண்ணுக்குள்ள ஈரம் இருக்கு. வெயில் தாழ்ந்தா இலை தானே நிமிர்ந்துக்கும். ஈரத்து மேலேயே ஊத்தினா வேர் அழுகிடும். போன வாரம் நீங்க ஊத்தச் சொல்லி மூணு கொடி போச்சுங்களே.”

“எனக்கே பாடமா? நாளையிலிருந்து உச்சிவேளையில எது சாஞ்சு கிடந்தாலும் ஒரு குடம் ஊத்தணும். முடியாதுன்னா வேலையை விட்டுப் போ!”

செங்கமலம் போகவில்லை. “சரிங்க எஜமான்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஜமீன்தார் ஊஞ்சலில் சாய்ந்தார். குறட்டை கிளம்பியது. முகத்தில் ஏதோ சொட்டவே கண்ணைத் திறந்தார். தலைக்கு மேலே தளும்பும் குடத்தோடு செங்கமலம் நின்றாள்.

“அடிப்பாவி! என்ன செய்யறே?”

“உச்சிவேளையில சாஞ்சு கிடக்கீங்களே எஜமான். உங்க உத்தரவுதான்.”

“நான் என்ன செத்தா போயிட்டேன்? வெயில் தாங்காம கொஞ்சம் அசந்தேன். சாயங்காலம் தானே எழுந்திருப்பேன்!”

“பூசணியும் அதையேதாங்க சொல்லுது. உத்தரவை மாத்துங்க, குடத்தை இறக்கறேன்.”

உத்தரவு மாறியது. சாயங்காலம் ஜமீன்தார் மாடிக்குப் போய்ப் பார்த்தார். ஒரு இலை பாக்கியில்லாமல் எல்லாம் நிமிர்ந்து நின்றன.

அடுத்த நாள் மத்தியானம் தோட்டத்தில் பூசணியும் சாய்ந்தது, ஊஞ்சலில் ஜமீன்தாரும் சாய்ந்தார். யார் தலையிலும் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.