புலவர் வீட்டு அன்னக்குஞ்சு

"பன்னிரண்டு வருஷம் ஆச்சு, அம்மா. நேத்து வந்தவங்களுக்கெல்லாம் தீட்சை கொடுத்துட்டீங்க. எனக்கு மட்டும் இன்னும் வேளை வரலியா?"

கேட்டவர் புலவர் மாசிலாமணி. வயது அறுபத்திரண்டு. செங்கானூர் ஏரிக்கரை மடத்து உலகம்மைத் தாயாரிடம்தான் கேட்டார். தாயாருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. இருந்தால் என்ன? குரு குருதான்.

தாயார் கோரைப் புல்லுக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் பேசிட்டிருக்கேன்."

"காது கேக்குது, ஐயா. அந்தக் கூடையை இப்படித் தள்ளுங்க."

புலவர் தள்ளினார். தாயார் சேற்றிலிருந்து ஒரு குஞ்சை எடுத்தார். உள்ளங்கை கொள்ளாத அளவு இருந்தது. மஞ்சள் ரோமம் முழுக்கச் சேறு. இடது கால் துணி மாதிரி தொங்கியது.

குஞ்சு கூடைக்குள் போனது. கூடை புலவர் கைக்கு வந்தது.

"தைப்பூசத்தன்னிக்குக் காலை ஆறு மணிக்குத் தீட்சை. அதுவரைக்கும் இது உங்க வீட்டுல இருக்கட்டும்."

"இதுக்கு என்ன?"

"நிக்க முடியலை. கூட்டத்துல மிதிபடுது. தாயும் விட்டுட்டுப் போயிடுச்சு."

"நான் என்ன செய்யணும்?"

தாயார் அதற்குள் மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டார்.

சந்தையில் அந்தப் பறவைக்குக் கூஸ் வாத்து என்று பெயர். மடத்து ஏரியில் மேய்வதால் செங்கானூர்க்காரர்கள் மரியாதையாக அன்னம் என்பார்கள்.

நம் புலவரோ முப்பது வருஷமாக மேடை மேடையாக அன்னத்தைப் பற்றிப் பேசுகிறவர். அன்னம் எப்படிப் பாலையும் நீரையும் பிரிக்கிறதோ அப்படி ஞானி மெய்யையும் பொய்யையும் பிரிப்பான் என்று அவர் குரலை உயர்த்தினால் கூட்டம் கை தட்டும்.

அப்படிப்பட்டவர் கையில் குரு ஓர் அன்னத்தைக் கொடுத்திருக்கிறார். சும்மா கொடுப்பாரா? வீடு வரும்வரை புலவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்னங்க இது?" என்றாள் மனைவி ஆவுடையம்மாள்.

"அன்னம்."

"வாத்துக்குஞ்சு மாதிரியில்ல இருக்கு?"

"அஞ்ஞானத்தோட பாத்தா அப்படித்தான் தெரியும்."

"சரிதான். ஞானத்தோட பாக்கறவரே அதோட சேத்தைக் கழுவுங்க."

கழுவினார். பிறகு ஒரு கிண்ணத்தில் பாதி பாலும் பாதி தண்ணீரும் கலந்து குஞ்சுக்கு முன்னால் வைத்தார்.

"பறவைக்கு யாராவது பால் வைப்பாங்களா?"

"அன்னம் பாலை மட்டும் பிரிச்சுக் குடிக்கும், ஆவுடை. எத்தனை ஊர்ல சொல்லியிருக்கேன்!"

"ஊர்ல எல்லாம் சொன்னீங்க. இதுகிட்ட சொன்னீங்களா?"

குஞ்சு பசியில் இருந்தது. கிண்ணத்தையே காலி செய்துவிட்டது. புலவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை.

"சின்னதுதானே. போகப் போகப் பழகிக்கும்" என்றார்.

மறுநாளும் பால்.

மூன்றாம் நாள் காலையில் குஞ்சுக்குத் தண்ணீர் தண்ணீராகப் போயிற்று. பின்பக்கம் ரோமமெல்லாம் ஒட்டிக்கிடந்தது. கழுத்தைத் தூக்க முடியாமல் கூடையின் ஓரத்தில் சாய்த்துவிட்டது.

ஐயோ, கொன்றுவிட்டேனே! புலவர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினார். முட்டிவலிக்காரர் அப்படி ஓடி ஊர் பார்த்ததில்லை.

தாயார் குஞ்சைத் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"என்ன கொடுத்தீங்க?"

புலவர் தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஐயா, என்ன கொடுத்தீங்க?"

"பால்."

தாயார் சிரித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

"முப்பது வருஷமா இதைப் பத்திப் பேசறீங்க. என்ன திங்குதுன்னு ஒரு நாளாவது நின்னு பாத்தீங்களா?"

"இல்லை, அம்மா."

தாயார் கரையோரம் குனிந்து ஒரு கைப்பிடி இளம்புல்லைப் பிடுங்கினார். புலவர் தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து, அதில் புல்லை வைத்து முடிந்து கொடுத்தார்.

"இதைப் பொடிசா அரிஞ்சு வைங்க. தவிட்டை ஈரமாப் பிசைஞ்சு வைங்க. குடிக்க நல்ல தண்ணி, மூக்கு முங்கற அளவுக்கு. குளிர விடாதீங்க. தினம் ரெண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணியில மிதக்க விடுங்க. காலை அதுவே ஆட்டிப் பாக்கும்."

"கூடவே மந்திரம் ஏதாவது சொல்லணுமா?"

"பின்பக்கத்தை அடிக்கடி கழுவி விடுங்க."

அன்றிலிருந்து புலவர் விடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் போய்ப் புல் பறித்தார்.

"என்ன புலவரே, ஆடு வாங்கிட்டீங்களா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"போங்கய்யா, வேலையைப் பாத்துக்கிட்டு" என்றார்.

அரிவாள்மனையில் உட்கார்ந்து புல்லை அரிந்தார். இரண்டு முறை விரலையும் அரிந்தார். கூடைக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டுச் சூடு காட்டினார். ஆவுடையம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ, கஞ்சி எங்கேன்னு என்னையே கேட்ட மனுஷன்தானே நீங்க?"

புலவர் பல்பை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினார். வெட்கமாகத்தான் இருந்தது.

நாலு நாளில் வயிறு சரியாயிற்று. குஞ்சுக்குக் குரல் வந்தது. புலவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் அதற்கு. அறையைத் தாண்டினால் போதும், கீகீ என்று வீட்டைக் கூட்டிவிடும். மடியில் வைத்தால் அவர் மீசையை ஒவ்வொரு முடியாகக் கோதிப் பார்க்கும். பிறகு அலகை அவர் அக்குளுக்குள் செருகிக்கொண்டு தூங்கிவிடும். கை மரத்துப் போனாலும் புலவர் அசைய மாட்டார்.

"உங்க சின்னவ தூங்கிட்டாளா?" என்று ஆவுடையம்மாள் கிசுகிசுப்பாள்.

"சத்தம் போடாதே."

இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியம் பிடித்துவிட்டதே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை.

ஆனால் கால் மட்டும் சரியாகவில்லை. அண்டாவில் மிதக்க விட்டால் வலது கால்தான் துழாவும். இடது கால் சும்மா கிடக்கும். குஞ்சு ஒரே இடத்தில் வட்டம் சுற்றும். தினமும் இரண்டு வேளை, அதே வட்டம்.

"உடம்பு கனம் ஏறிக்கிட்டே போகுது, புலவரே" என்றார் வாத்து வளர்க்கிற கீழத்தெரு செல்லையா. "இந்த மாசத்துக்குள்ள அந்தக் காலை ஊனலைன்னா தேறாது. சொல்லிட்டேன்."

அன்று புலவர் சாப்பிடவில்லை.

தைப்பூசம் வந்தது. மடத்துக்குப் பொங்கல் வைக்க ஆவுடையம்மாள் நாலு மணிக்கே போய்விட்டாள். புலவர் பச்சைத் தண்ணீரில் முழுகினார். புது வேட்டி கட்டினார். நெற்றி நிறைய நீறு பூசினார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த காலைப்பொழுது அல்லவா?

கிளம்புமுன் கூடைக்குள் கையை விட்டார்.

சில்லென்று இருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போயிருந்தது. அந்தத் தை மாதக் குளிரில் பல்பு அணைந்து கிடந்தது. குஞ்சுக்குக் கண் பாதி மூடியிருந்தது. தூக்கினால் கழுத்து தொங்கியது. சத்தமே இல்லை.

"கண்ணு... ஏ கண்ணு..."

துண்டில் சுற்றி அடுப்படியில் வைத்தார்.

"இங்கேயே இரும்மா. ஒரு மணி நேரம். இதோ வந்துடறேன்."

தெருக்கோடி வரைக்கும் போனார். மடத்து மணி அடிக்கத் தொடங்கியது. கரையேறினால் மடம். தாயார் தர்ப்பையை விரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு விட்டால் அப்புறம் எப்போதோ, யார் கண்டது?

புலவர் நின்றார்.

"ஒரு மணி நேரம் தாங்குமாடா அது, மடையா?" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி ஓடினார்.

அடுப்பை மூட்டித் தவலையில் வெந்நீர் போட்டார். அண்டாவில் விளாவினார். புது வேட்டியோடு ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குஞ்சைத் தண்ணீரில் இறக்கி, கழுத்து முங்காமல் இரண்டு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

மடத்து மணி ஓய்ந்தது. அவர் காதில் விழுந்ததா என்பது சந்தேகம்தான்.

தண்ணீர் ஆறத் தொடங்கியது. கையை எடுத்தால் கழுத்து முங்கிவிடும். வெந்நீரோ அடுப்பில்.

பின்னால் காலடிச் சத்தம்.

"வந்துட்டியா, ஆவுடை? தவலையில இருந்து ஒரு சொம்பு மோந்து ஊத்து. சீக்கிரம்!"

சொம்பு வந்தது.

"அய்யய்யோ, அது மேலயா ஊத்தறது? ஓரமா, ஓரமா! சொன்னா புரியாதா?"

தண்ணீர் ஓரமாக விழுந்தது.

"மெதுவா. ஆங்... அப்படி. இன்னொண்ணு கொண்டா. நின்னுக்கிட்டு என்ன பாக்கறே? போ!"

இன்னொரு சொம்பு வந்தது. பிறகும் ஒன்று.

குஞ்சின் கண் திறந்தது. வாய் திறந்து, காற்று மட்டும் வந்தது. மறுமுறை மெல்லியதாகக் கீ என்றது.

வலது கால் துழாவியது. குஞ்சு வட்டமடித்தது. பாதி வட்டத்தில் நின்றது. தண்ணீருக்குள் இடது கால் ஒருமுறை உதறியது. இன்னொருமுறை உதைத்தது.

தாங்கிய விரல்களையும் இழுத்துக்கொண்டு குஞ்சு நேராகப் போய் அண்டாவின் எதிர்ப்பக்கம் முட்டிக்கொண்டது.

"நேராப் போகுதுடி! ஆவுடை, பாருடி, நேராப் போகுது!"

கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டே புலவர் திரும்பினார்.

ஈரத்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார் உலகம்மைத் தாயார். காவிச் சேலை இடுப்புவரை நனைந்திருந்தது. விரலெல்லாம் அடுப்புக் கரி. கையில் காலிச் சொம்பு.

"அம்மா..."

எழுந்திருக்கப் பார்த்தார். விரலை எடுத்ததும் குஞ்சின் தலை சாய்ந்தது. பதறிப்போய் மறுபடி உட்கார்ந்து தாங்கிக்கொண்டார்.

"அம்மா, தீட்சை நேரம் தப்பிப் போச்சே. அத்தனை பேரை வெச்சுக்கிட்டு உங்களைக் காக்க வெச்சுட்டேனே. இங்க வந்தவங்களைப் போய் அதட்டிட்டேனே. நான்..."

தாயார் அண்டாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆறிக்கிட்டு வருது, ஐயா. இன்னொரு சொம்பு ஊத்தட்டுமா?"