மூன்று முதல் தாம்பூலம்

முன்னொரு காலம். மிளகு ஏறாமல் கப்பல் கிளம்பாது, குதிரை இறங்காமல் அரசருக்குத் தூக்கம் வராது என்றிருந்த காலம். அப்போது கீழைக் கடலோரம் ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். இது தலையிலிருந்து கால்வரை பொறாமையைப் பற்றிய கதை. அதனால் இப்போதே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்துகொள்கிறேன்.

அந்த நாட்டின் துறைமுகத்துக்கு உலகமே வந்து போயிற்று. அரபு தேசத்துக் குதிரைகளோடு ஆரூன் என்ற சோனகர் வருவார். கடாரத்துக் கற்பூரத்தோடு தர்மசேனர் என்ற பௌத்தர் வருவார். சீனப் பட்டோடு இலின் என்பவர் வருவார். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு பேரரசு, ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு வழிபாட்டிடம். நேரில் பார்த்தால் மூவரும் புன்னகையோடு கும்பிட்டுக்கொள்வார்கள். திரும்பி நடந்ததும், அடுத்தவர் கப்பலின் பாய்மரம் தம்முடையதைவிட ஒரு முழம் உயரமோ என்று ஓரக்கண்ணால் அளப்பார்கள்.

இப்படி இருக்கையில், பக்கத்து நாட்டு அரசன் சபையில் ஒரு பேரரசின் தூதர் வந்து அமர்ந்தார், பட்டுக் குடை கொடுத்தார் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். நம் அரசருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்து, "பித்தம்" என்றார்.

"பித்தம் இல்லை, பக்கத்து நாடு" என்றாள் அரசி.

நான்காம் நாள் அரசர் எழுந்து உட்கார்ந்தார். "அவன் சபையில் ஒரு பேரரசின் ஆள்தானே அமர்ந்தான்? என் சபையில் ஒரே நாளில் மூன்று பேரரசுகளின் ஆட்கள் அமர வேண்டும். மூவருக்கும் அழைப்பு ஓலை போகட்டும். முதல் தாம்பூலம் உமக்கே என்று எழுதுங்கள், ஓடி வருவார்கள்!"

அந்த நாட்டு வழக்கம் இது: அரசர் தம் வலக்கையால் யாருக்கு முதலில் தாம்பூலம் தருகிறாரோ, அவருடைய கப்பல்தான் அந்த ஆண்டு முதலில் சரக்கு இறக்கும். அவருடைய மன்னர் பெயரைத்தான் சபையில் முதலில் சொல்வார்கள். அதற்காகக் கடல் கடந்து வந்து அடித்துக்கொள்ளவும் ஆள் இருந்தது.

ஓலை எழுதியவர் அமுதனார். அரண்மனையின் ஓலை நாயகம் அவர், அரசருடைய வாய்ச்சொல்லை எழுத்தாக்கி முத்திரை வைப்பவர். பெயரில்தான் அமுதம். இரண்டாவது ஓலையை எழுதும்போதே அவருக்கு விஷயம் உறைத்துவிட்டது. முதல் தாம்பூலம் ஒன்றுதான் இருக்க முடியும், அதை எப்படி மூவருக்குத் தருவது? எழுத்தாணியைக் கீழே வைத்து ஒரு கணம் யோசித்தார். பிறகு வாயைத் திறக்காமல் மூன்றாவது ஓலையையும் எழுதி முடித்தார்.

ஏன் என்று கேட்பீர்கள். பூதன்தான் காரணம்.

பூதன் அந்தச் சபையின் விகடகவி. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், ஆள் முருங்கைக்காய்க்குக் கை கால் முளைத்த மாதிரி இருப்பான். அவன் மனைவி பெயர் நீலி. பூதனுக்கு நீலி வாய்த்தாளே என்று ஊரே சிரித்தது. அவன் அரண்மனைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அரசர் அரியணையில் உட்காரும் முன்பே, "பூதன் எங்கே?" என்றுதான் கேட்பார். அமுதனார் இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே இருக்கிறார். நான்கு நாட்டு எழுத்துகள் படித்தவர். ஒரு நாளாவது, "அமுதனார் எங்கே?" என்று அரசர் கேட்டதில்லை. அந்த மனிதருக்கு அது வலித்தது. வலி நாளாக ஆகப் புளித்துப்போய் வயிற்றெரிச்சலாக மாறியிருந்தது.

குறித்த நாளுக்கு முதல் நாள் மூன்று கப்பல்களும் வந்து சேர்ந்தன. மூன்று வணிகர்களும் ஓலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையிலேயே பெருமை பேசினார்கள். செய்தி அரண்மனைக்கு வந்ததும் அரசருக்கு வியர்த்துவிட்டது.

"நாயகரே, எழுதும்போதே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"மன்னர் வாக்கை மறுக்க அடியேன் யார்?" என்று அமுதனார் பணிவாகக் குனிந்தார். "ஆனால் கவலை வேண்டாம் மன்னா. பூதன் இருக்கிறார். அவருடைய அறிவுக்கு இது எம்மாத்திரம்! ஒன்றன்பின் ஒன்றாக, தங்கள் திருக்கையாலேயே, மூவருக்கும் முதல் தாம்பூலமே கிடைக்க அவர் வழி செய்யட்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் மன்னரின் வாக்கு பொய்யாகும். அந்தப் பழிக்கு அவரே பொறுப்பேற்று, மறுநாள் கிளம்பும் கப்பலில் நாட்டைவிட்டுப் போய்விடட்டும்."

அரசர் தயங்கியிருப்பார். ஆனால் முந்தைய நாள்தான் ஒன்று நடந்திருந்தது. அரசர் சொன்ன சிலேடைக்கு அரசி கொட்டாவி விட்டாள். பூதன் தும்மியதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அது அரசரின் மனத்தில் முள்ளாகக் கிடந்தது.

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

பூதன் அன்று மதியம் வீட்டுக்கு வந்தபோது முகம் செத்துக் கிடந்தது. நீலி ஏழு மாதக் கர்ப்பிணி. அவளை அந்த நிலையில் கப்பலில் ஏற்றவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"அந்த ஓலைக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போவ!" என்றாள் நீலி. "நீங்க போயிட்டா இந்தப் புள்ளைக்கு யாரு பேரு வைக்கிறது?"

"அழாதடி. வெத்தல குடு, யோசிக்கிறேன்."

நீலி ஒரு வெற்றிலையை மட்டும் நீட்டினாள்.

"இது என்ன? பாக்கு எங்க? சுண்ணாம்பு எங்க?"

"ரெண்டும் தீந்துபோச்சு. பக்கத்து வீட்டுச் செம்பிகிட்ட இருக்கும். நான் போவ மாட்டேன். அவ புதுசா பவழமாலை வாங்கினதுலேருந்து கழுத்தத் தூக்கிட்டுத் திரியுறா."

"வெறும் இலையத் தின்ன நான் என்ன ஆடா? இதுக்குப் பேரு தாம்பூலமா?"

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். கையிலிருந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நீலியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "செம்பிகிட்ட நானே போயி வாங்கிட்டு வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான். அவன் எதற்காகச் சிரிக்கிறான் என்று நீலிக்கு விளங்கவில்லை. செம்பி பெயரைச் சொல்லிச் சிரித்தது வேறு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. மூன்று வணிகர்களும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தம் இருக்கையை அடுத்தவருடையதைவிட அரை அடி முன்னால் நகர்த்தி நகர்த்தி, மூவருமே அரியணைப் படி வரை வந்துவிட்டிருந்தார்கள்.

பூதன் பொன் தட்டோடு வந்து அரசரின் காதில் ஏதோ சொன்னான். அரசர் தலையசைத்தார். தட்டிலிருந்து மூன்று வெற்றிலைகளை எடுத்துத் தர்மசேனர் கையில் கொடுத்தார். மூன்று கொட்டைப்பாக்குச் சீவல்களை எடுத்து ஆரூன் கையில் கொடுத்தார். கடைசியாக ஒரு விரல் சுண்ணாம்பை வழித்து, இலின் நீட்டிய விரலில் வைத்தார். தட்டு காலியாயிற்று.

அமுதனார் காத்திருந்தவர்போலத் துள்ளி எழுந்தார். "மன்னா! முதலில் வாங்கியவர் தர்மசேனர். முதல் தாம்பூலம் கடாரத்துக்கே போயிற்று. மற்ற இருவருக்கும் தந்த வாக்கு பொய்த்தது!"

ஆரூன் முகம் கறுத்தது. இலின் இருக்கையைவிட்டு எழப் பார்த்தார்.

"நாயகரே, நான்கு நாட்டு எழுத்துப் படித்தவர் நீங்கள்" என்று பூதன் கைகூப்பினான். "தாம்பூலம் என்றால் என்ன?"

"வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. இது தெரியாதா?"

"தனித்தனியாகவா, சேர்ந்தா?"

"சேர்ந்தால்தான் தாம்பூலம்."

"அப்படியானால் இதுவரை இந்தச் சபையில் யாருக்கும் தாம்பூலம் தரப்படவில்லையே! வெறும் இலையே தாம்பூலம் என்றால், தங்கள் வீட்டு வெற்றிலைக் கொடிக்காலில் மேய்கிற வெள்ளாடு தினமும் காலையில் முதல் மரியாதை வாங்குகிறது. அதன் கப்பலையும் துறைக்குள் விடச் சொல்லுங்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. அமுதனார் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மூன்றும் எப்போது ஒன்று சேருமோ, அந்த நொடியில்தான் தாம்பூலம் பிறக்கும்" என்று பூதன் வணிகர்கள் பக்கம் திரும்பினான். "பிறக்கும்போது மூவர் கையிலும் ஒன்றாகப் பிறக்கும். மூவருக்கும் அதுவே முதல். இரண்டாவது என்று ஒன்று கிடையாது. எங்கே, சேருங்கள் பார்ப்போம்."

ஆனால் மூவரும் அசையவில்லை. யார் முதலில் கை நீட்டுவது? நீட்டினால் தம் பேரரசே மற்றவனிடம் கையேந்தியதாக ஆகிவிடாதா? தர்மசேனர் இலையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆரூன் பாக்கை இறுக்கி மூடிக்கொண்டார். நீலியின் வயிறு பூதன் கண்முன் வந்து நின்றது. இவர்கள் இப்படியே உட்கார்ந்திருந்தால் நாளை அவன் கடலில் இருப்பான்.

அவனைக் காப்பாற்றியது சுண்ணாம்புதான். இலின் விரலில் அது அரிக்கத் தொடங்கியது. முதலில் விரலை ஆட்டினார். பிறகு ஊதினார். பட்டு அங்கியில் துடைக்கலாம் என்றால் மனம் வரவில்லை. "ஐயோ, விரல் பொத்துது!" என்று துறைமுகத் தமிழில் கத்திக்கொண்டே, பக்கத்தில் இருந்த தர்மசேனரின் மூன்று இலைகளிலும் அப்படியே தேய்த்துவிட்டார்.

ஆரூன் தாடி குலுங்கச் சிரித்தார். "அட, கொடும் ஐயா இலையை! சுண்ணாம்பு இவ்வளவு தடவினால் நாக்கு வெந்துபோகும். இந்தாரும் பாக்கு" என்று மூன்று இலையிலும் பாக்கை வைத்தார். தர்மசேனர் மடித்தார். மூவரும் ஆளுக்கொன்றாக ஒரே நேரத்தில் வாயில் போட்டார்கள். அரசர் பெருமூச்சு விட்டார்.

அமுதனார் விடவில்லை. சற்று நேரம் பொறுத்து இனிமையாகத் தொடங்கினார். "அயல்நாட்டுப் பெருமக்களே, எங்கள் நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. தாம்பூலம் போட்டால் யாருக்கு வாய் அதிகம் சிவக்கிறதோ, கொடுத்தவருக்கு அவர்மேல்தான் அன்பு அதிகம். எங்கள் மன்னர் மனம் யார் பக்கம் என்று தங்கள் நாக்கே சொல்லிவிடுமே!"

போதாதா? மூன்று நாக்குகளும் சட்டென்று வெளியே வந்தன. மூன்று பேரரசுகளின் பெருமக்கள் சபை நடுவே நாக்கை நீட்டிக்கொண்டு, ஒருவர் நாக்கை ஒருவர் முறைத்தார்கள். "எனக்குத்தான்" என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் ஆசை. நாக்கை நீட்டிக்கொண்டு எப்படிச் சொல்வது?

"பெருமக்களே" என்றான் பூதன், "ஒருவர் நாக்கைப் பற்றி மற்றவர் சொல்வது சாட்சியாகாது. அவரவர் நாக்கை அவரவர் கண்ணால் பார்த்து, சத்தியமாகச் சொல்லுங்கள். அதையே மன்னர் ஏற்பார்."

மூவரும் கண்ணை மூக்கு நுனிக்குக் கொண்டுபோனார்கள். ஆரூனுக்கு மாறுகண் விழுந்தது. தர்மசேனர் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தூணில் இடித்துக்கொண்டார். இலின் நாக்கை இன்னும் நீட்டப் போய் இருமல் வந்துவிட்டது. ஒருவர் கோலத்தை ஒருவர் பார்த்ததும் மூவருக்கும் சிரிப்பு பீறிட்டது. ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

"நாளைக்கு மூன்று கப்பலிலிருந்தும் ஒரே நேரத்தில் சரக்கு இறங்கட்டும்" என்றார் அரசர், சிரிப்பினூடே. "பூதா, உண்மையைச் சொல். உன் கண்ணுக்கு அதிகம் சிவந்தது எது?"

"மன்னா, அதிகம் சிவந்தது தாம்பூலமே போடாத ஒருவருடையது. ஓலை நாயகத்தின் கண்களைப் பாருங்கள்."

எல்லோரும் திரும்பினார்கள். சிவந்த கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அமுதனார் குனிந்துகொண்டார்.

அரசர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூதனுக்குப் போட்டார். "வேறு என்ன வேண்டும், கேள்."

"நாயகருக்குத் தங்கள் கையால் ஒரு தாம்பூலம் வேண்டும் மன்னா. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தருகிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இவருக்கு ஒருமுறைகூடத் தந்ததில்லை என்று தாம்பூலம் மடிக்கும் சேடியர் சொல்கிறார்கள்."

அரசர் கையசைத்தார். புதுத் தட்டு வந்தது. தாமே இலையைத் துடைத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்தார். "அமுதனாரே, அருகில் வாரும்" என்று அழைத்துக் கொடுத்தார். அமுதனார் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். மென்றபோது அந்தக் கிழவரின் வாயெல்லாம் சிவந்தது. பிறகு அரசர் பூதனுக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார்.

பூதன் அதை வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தான். அமுதனாரின் அசையும் தாடையைப் பார்த்தான். மறுபடி இலையைப் பார்த்தான்.

"என்னடா?" என்றார் அரசர்.

"ஒன்றுமில்லை மன்னா... நாயகருக்குக் கொடுத்த இலை, இதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்ததோ?"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சரிந்தது. திரைக்குப் பின்னால் அரசியும் சிரித்தாள். இந்த முறை அரசருக்கு அதில் வருத்தம் இல்லை.